பெல்கூராவில் ஒரு வீடு தேவை

ரோவில், மெல்பேர்ண்
09.03.2025

அன்புத் தம்பி கிருபாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? நாங்கள் இங்கே இருக்கிறோம். சுகமா என்று கேட்டால் இந்த வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும்.

இனிக் கடிதம்தான் எழுதுவோம் என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். விடியப் புறம் வேலைக்குப் போகிற நீ பொழுதுபட முன்னமே படுத்துவிடுகிறாய். நான் சிறுவர் காப்பக வேலையால் வந்து சேர அந்த நேரம் ஆகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் அத்தான் அதை ஸ்பீக்கரில் போடச் சொல்லுவார். பிறகு நீயும் அவரும் அரசியல் கதைத்து, அவர் உனக்குப் புத்தி சொல்லி, நீ கோபித்து வைத்துவிடுவாய். நான் குசினிக்குள் நின்று கேட்டதுதான் மிச்சம். சரி, எழுதுவோம். உன் கையெழுத்தைப் பார்த்தும் எத்தனை காலம்.

மேனுகாவின் விசா எந்தளவில் நிற்கிறது? படகில் வந்து இறங்கிய நாளில் இருந்து தற்காலிகம், தற்காலிகம் என்று உன்னை இழுத்தடித்தார்கள். ஒருவழியாக நிரந்தரம் கிடைத்துவிட்டது. இனி அவளும் தேஜஸ்வினியும் வந்து சேர்ந்தால்தான் என் நெஞ்சு ஆறும். நீ விட்டுவிட்டு வரும்போது பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தது. இப்போது படத்தில் உன் உயரத்துக்கு நிற்கிறாள்.

உன் மருமகன் நரேனுக்கு நல்ல வேலைதான். ஆனால் ட்ருகனினாவில் ஒரு சின்ன வீடு பார்க்கப் போய், வங்கி கொடுக்கும் கடனுக்கு அந்த வீட்டின் கராஜ்தான் வாங்கலாம் என்று வந்து சொன்னான். அத்தானுக்கு அதே கவலை. சனிக்கிழமைதோறும் வீடு வாங்குவது பற்றிய கூட்டங்களுக்குப் போய் வருகிறார். நேற்றுச் சாப்பிடும்போது, "கிருபாவை ஒருக்காக் கேளும், அந்த ஊர்ப் பக்கம் வீடு விலை எப்பிடி, இனி ஏறுமோ எண்டு" என்றார். நேரம் கிடைத்தால் இரண்டு வரி எழுது. உன்னை ஒரு விசயம் தெரிந்த ஆளாக அவர் மதித்துக் கேட்டது இதுதான் முதல் தடவை, அதனால் சொல்கிறேன்.

குளிருக்கு முன் ஒரு நல்ல கம்பளிச் சட்டை வாங்கு. வாங்கினேன் என்று பொய் சொல்லாதே.

அன்புடன்,
அக்கா அருந்ததி

*

பெல்கூரா
30.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் தபால் கந்தோரில் ஒரு கிழமை கிடந்திருக்கிறது. இந்த ஊரில் வீட்டுக்குத் தபால் வராது; எல்லோருக்கும் கந்தோரில் ஒரு பெட்டி. அதனால் கடிதத்தின் வெளியே பெட்டி இலக்கம் மட்டும் போதும்.

மேனுகாவுக்கு மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல அறிகுறி என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொறுத்துப் பார்ப்போம்.

அத்தான் கேட்டதற்கு மறுமொழி. ஊர் வளருது அக்கா. எங்கள் ஆட்டிறைச்சித் தொழிற்சாலைக்கு ஆள் காணாது. பிஜியில் இருந்தும் திமோரில் இருந்தும் எடுக்கிறார்கள். மலைப் பக்கம் காற்றாலை போடுகிறார்கள். அந்தக் கொம்பனி ஆட்கள் மோட்டல் அறையெல்லாம் பிடித்துவிட்டார்கள். வீடு ஒன்று காலியானால் சூடு ஆற முன்னம் அடுத்த ஆள் வந்துவிடுகிறார். மெல்பேர்ணில் இருந்தும் சிட்னியில் இருந்தும் வீட்டைப் பார்க்காமலே வாங்குகிறார்களாம். விலை ஏறும், இறங்காது என்று அத்தானிடம் சொல்லுங்கள். பிரதான வீதியில் பாதிக் கடைகளுக்குக் கண்ணாடியில் கடதாசி ஒட்டியிருப்பதை அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் இருப்பது பழைய பலகை வீடு. ஐந்து பேர். நானும் இந்திரகுமாரும் ஒரு அறை; அவன்தான் முந்திச் சிட்னியில், பென்டில் ஹில்லில், என்னோடு கராஜில் படுத்தவன், தெரியும்தானே. வீட்டுக்காரர் ஒரு வயதான விவசாயி. வாடகையைக் கூட்டுவதில்லை, குளிர்காலத்தில் விறகு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். மேனுகா வந்தால் மற்றவர்கள் வேறிடம் பார்ப்பதாகவும் வீடு எங்களுக்கு என்றும் பேசி வைத்திருக்கிறோம். பின்னுக்கு ஒரு எலுமிச்சை நிற்கிறது. தேஜுவுக்கு யன்னல் உள்ள அறையை யோசித்து வைத்திருக்கிறேன். அது மட்டும் சரிவந்தால் எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

கம்பளிச் சட்டை வாங்கிவிட்டேன். உண்மையாக.

உங்கள் தம்பி,
கிருபா

*

ரோவில்
15.06.2025

அன்புத் தம்பி,

எழுதப் பிந்திவிட்டேன், கோபிக்காதே. காப்பகத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், மிச்சப் பேரின் வேலையும் என் தலையில்.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். திரும்பவும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு நாலைந்து கிழமை கணினியும் கையுமாக இருந்தார். போன மாதம் ஒரு வீடு வாங்கிவிட்டார். வெளியூரில் என்றார். "உம்மட தம்பி சொன்னது சரிதான்" என்று சிரித்தார், அதனால் உன் பக்கம்தான் எங்கேயோ என்று நினைக்கிறேன். கையெழுத்து வையும் என்றார், குழம்பு அடுப்பில் இருந்தது, வைத்துவிட்டுப் போய்க் கிளறினேன். இந்த வீட்டில் என் கையெழுத்தின் பெறுமதி அவ்வளவுதான். அந்த வீட்டைப் பார்க்க வரும்போது உன்னையும் வந்து பார்ப்போம் என்கிறார். வரட்டும், நான் அச்சாறும் கொண்டு வருவேன்.

நரேனுக்கு இதில் சந்தோசமில்லை. எங்கேயோ ஒரு ஊரில் தன் பெயரைச் சொல்லி வாங்கிய வீட்டில் தான் இருக்கப் போவதில்லையே என்கிறான். அவர் அதற்கு, அது இருக்கிறதற்கு இல்லை, வளர்கிறதற்கு என்கிறார். நான் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். மேனுகாவும் பிள்ளையும் வந்ததும் நீ ஏன் இங்கே வரக்கூடாது? மேல் மாடியில் இரண்டு அறை பூட்டிக் கிடக்கிறது. நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில். யோசி.

அக்கா

*

பெல்கூரா
10.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. விசா வந்துவிட்டது. மேனுகா போனில் அழுதுகொண்டே இருந்தாள். தேஜுதான் போனை வாங்கி, "அப்பா, அங்க பள்ளிக்கூடத்தில சப்பாத்து என்ன நிறம்?" என்று கேட்டாள். கார்த்திகையில் வருவார்கள்.

மற்றது கெட்ட செய்தி. இந்த வீடு கைமாறிவிட்டது. கிழவர் மகளோடு போய் இருக்கப் போகிறாராம். வந்து கை கொடுத்துவிட்டுத்தான் போனார். வாங்கியவர்கள் ஆரென்று தெரியாது. ஒருநாளும் வந்து பார்க்கவில்லை. அடுத்த மாதமே வாடகை ஏறியது. குளியலறைச் சுவரில் பூஞ்சணம், கூரையில் காற்றுப் போக்கி வேலை செய்யவில்லை என்று மூன்று தரம் சொல்லியும் மறுமொழி இல்லை. போன கிழமை, பெரிய திருத்த வேலை நடக்கப் போகிறது, எல்லோரும் எழும்ப வேண்டும் என்று அறிவித்தல் வந்திருக்கிறது. மூன்று மாதம் தவணை. அதாவது சரியாக மேனுகா வந்து இறங்கும் நேரம். திருத்த வேலை என்பது சாட்டு அக்கா. அறையறையாகப் பிரித்துக் காற்றாலைக் கொம்பனிக்குக் கொடுக்கப் போகிறார்கள். ஊரெல்லாம் அதுதான் நடக்கிறது.

வேறு வீடு தேடுகிறேன். கிடைத்தால்தானே. போன சனிக்கிழமை ஒரு வீடு பார்க்கத் திறந்தார்கள். வாசலில் இருந்து வீதி வரை வரிசை. எனக்கு முன்னால் ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி, கைக்குழந்தையோடு. கரவன் பார்க்கில், ஒரு வண்டி வீட்டுக்குள் இருக்கிறாளாம். அவளுக்கே கிடைக்கவில்லை. இதற்குள் புல் முழங்காலுக்கு வளர்ந்து, திரை மூடிக் கிடக்கிற வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. சொந்தக்காரர் நகரத்தில். விலை ஏறுகிறதாம், ஏறட்டும் என்று விட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் தேஜுவைப் பதியப் போனால் விலாசம் கேட்கிறார்கள். டொக்டரிடம் புது ஆட்களை எடுப்பதில்லை. பஸ் கிழமைக்கு மூன்று நாள். இதையெல்லாம் சகிக்கலாம், படுக்க ஒரு கூரை இருந்தால்.

வியாழக்கிழமை நகரசபை மண்டபத்தில் வீட்டுப் பிரச்சினை பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். நானும் இந்திரகுமாரும் வேலை உடுப்போடு போனோம். மெல்பேர்ணில் இருந்து ஒரு நிபுணர் வந்து திரையில் கோடு கோடாகப் படம் காட்டினார். வருகிற ஐந்து வருசத்துக்கு இந்தப் பகுதியில் வீட்டுச் சந்தையின் எதிர்காலம் மிக நன்றாக இருக்கிறது என்றார். வாடகைக்குக் காலி வீடு கிட்டத்தட்ட இல்லவே இல்லை, அதனால் விலையும் வாடகையும் ஏறும், இது ஒரு நல்ல செய்தி என்றார். எல்லோரும் தேநீரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது, எழும்பிவிட்டேன். என் இங்கிலீசு உங்களுக்குத் தெரியும்தானே.

"சேர், நான் இஞ்ச வேலை செய்யிறன், வரி கட்டுறன். என்ர மனுசியும் மகளும் வரப்போகினம். உங்கட படத்தில அவை படுக்கிற இடம் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

அந்தாள் படத்தைத் திரும்பிப் பார்த்தார் அக்கா. உண்மையாகவே திரும்பிப் பார்த்தார். பிறகு நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

முடிந்து வெளியே வரும்போது ஹெதர் என்று ஒரு பண்ணைக்காரி என்னிடம் வந்தா. ஆட்டு மயிர் கத்தரிக்க வருகிறவர்கள் தங்கும் கட்டடம் ஒன்று தங்கள் பண்ணையில் சும்மா கிடக்கிறது, கூரை ஒழுகும், வேண்டுமென்றால் வந்து பார் என்றா. நல்ல மனுசி. ஆனால் இவ்வளவு காலம் காத்திருந்து வருகிற பிள்ளையை ஒழுகுகிற கூரைக்குக் கீழேயா படுக்க வைப்பேன்?

ரோவிலுக்கு வரச் சொன்னீர்கள். வேலை இங்கே. உங்கள் மேல் மாடியில் இருந்து நான் என்ன செய்வேன் அக்கா. அத்தானுக்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு இருக்கவும் என்னால் முடியாது. கோபிக்க வேண்டாம்.

தம்பி கிருபா

*

ரோவில்
24.08.2025

அன்புத் தம்பி,

விசாச் செய்தி வாசித்துவிட்டுச் சாமியறையில் விளக்கேற்றினேன். அடுத்த பக்கத்தை வாசித்துவிட்டு அந்த விளக்கடியிலேயே இருந்து அழுதேன்.

பார்க்காமல் வாங்குகிற சனங்கள்! உள்ளே இருப்பது மனிதர்களா மாடுகளா என்றுகூடக் கேட்க மாட்டார்களா? அவர்களுக்கென்று ஒரு தம்பி, தங்கச்சி இல்லையா? இந்தப் பாவத்தைச் சேர்த்து என்ன செய்யப் போகிறார்கள்? எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அந்த வீட்டுக்காரன் முன்னால் வந்தால் நல்லாய் நாலு வார்த்தை கேட்பேன். அந்த வீட்டில் அவர்களுக்கு ஒரு நாளும் நிம்மதி இராது, நீ பார்.

அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன். ஏதாவது வழி தெரியுமா, நாங்கள் வாங்கிய வீடு உன் பக்கம் என்றால் அதைக் கொடுக்கலாமே என்று கேட்டேன். பேப்பரில் இருந்து முகத்தை எடுக்கவில்லை. பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, "கிருபா இருக்கிற தெரு என்ன?" என்று மட்டும் கேட்டார். தபால் பெட்டி இலக்கம்தான் தெரியும் என்றேன். சரி என்றுவிட்டு எழும்பிப் போய்விட்டார். அவரும் யோசிக்கிறார் போல. நான் விடமாட்டேன், திரும்பவும் கேட்பேன்.

நீ மனம் தளராதே. சாப்பிடு. வெள்ளிக்கிழமைகளில் ஒன்றும் சாப்பிடாமல் நாள் முழுக்க இறைச்சி வெட்டுகிறாயாம் என்று மேனுகா சொன்னாள். சோறாவது சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

பெல்கூரா
14.09.2025

அக்காவுக்கு,

தவணை கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லிக் கேட்க முகவர் அலுவலகத்துக்குப் போனேன். மோனிகா என்கிற பெண்தான் இந்த வீட்டைப் பார்க்கிறவள். சினேகிதமாகக் கதைக்கிறவள். சொந்தக்காரரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

"அவர்களும் உங்கள் நாட்டு ஆட்கள்தான். ரோவிலில் இருக்கிறார்கள். மனிதர் நல்ல மரியாதை. இந்த ஊரில் இருக்கிற ஒரு உறவுக்காரன் சொல்லித்தான் இங்கே வாங்கினாராம். உனக்குத் தெரியுமா அவர்களை?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

போன கடிதத்தில் நீங்கள் ஏசியது உங்களைத்தான் அக்கா. நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் கண்ணாடிக்கு முன்னால் போய் நில்லுங்கள். ஊர் வளருது, விலை இறங்காது என்று எழுதிக் கொடுத்தவன் நான். மனிசன் ஒருக்கா மதித்துக் கேட்டாரே என்று பல்லை இளித்துக்கொண்டு எழுதினேன். அந்த மதிப்புக்கு நல்ல விலை கொடுக்கிறேன்.

அச்சாறு கொண்டு வர வேண்டாம்.

கிருபானந்தன்

*

ரோவில்
28.09.2025

என் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அழுகைதான் எழுதியிருப்பேன். இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புவதும் விடுவதும் உன் இஷ்டம்.

பெல்கூராப் பக்கம் வாங்கியிருக்கிறார் என்பது வரை நான் ஊகித்தது உண்மை. அது நீ படுத்து எழும்புகிற வீடு என்பது எனக்குத் தெரியாது. என் பிள்ளை மேல் ஆணை.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் அவருக்கு முன்னால் வைத்தேன். வாசித்தார். "நான் வாங்கேக்க ஆர் இருக்கினம் எண்டு கேக்கேல்லை. அஞ்சு வேலைக்காரர் எண்டுதான் சொன்னவை" என்றார்.

"தெரிஞ்ச பிறகு?" என்று கேட்டேன்.

"தெரிஞ்ச பிறகு என்ன செய்யச் சொல்லுறீர்? கொம்பனியோட கதைச்சு முடிஞ்சுது. வியாபாரம் வேற, சொந்தம் வேற அருந்ததி."

"அவன் மனுசி பிள்ளையை எங்க கொண்டு போறது?"

"மேல்மாடி கிடக்கு எண்டு நீர்தானே சொன்னனீர். வரமாட்டன் எண்டது அவன். நான் ஆருக்காகச் செய்யிறன்? நரேனுக்கு. நாளைக்கு அவனும் வரிசையில நிண்டு வீடு தேடட்டும் எண்டு விடவோ?"

"அவனுக்கு வீடு வேணும். என்ர தம்பிக்கு வேண்டாமோ?"

அவர் உள்ளே போய் ஒரு பைலை எடுத்து வந்து வைத்தார். கொம்பனியோடு செய்யும் ஒப்பந்தமும் திருத்த வேலைக்கான கடனும். வீடு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறதாம். இரண்டு பேரும் வைத்தால்தான் செல்லுமாம். பேனையை என் பக்கம் தள்ளிவிட்டார். கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். இவ்வளவு காலமும் நான் கையெழுத்து வைத்ததெல்லாம் அந்த அமைதிக்குப் பயந்துதான்.

நரேன் மேலே இருந்து இறங்கி வந்து படியில் நின்றான். "அம்மா, டோன்ட் சைன்" என்றான்.

"நான் வைக்கமாட்டன்" என்றேன். கல்யாணம் கட்டின நாளில் இருந்து அந்த மனிதனுக்கு நான் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. எனக்கே என் குரல் வேறொருத்தியின் குரல் போல இருந்தது. அவர் பைலை மூடினார். அன்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. தேநீர் வைத்தால் குடிக்கிறார். கோப்பையைக் கழுவி வைக்கிறார், அதுதான் புதுசு.

மோனிகாவுக்கு நானே போன் எடுத்தேன். திருத்த வேலையும் இல்லை, ஒருவரும் எழும்பவும் வேண்டாம், வாடகை பழையபடி என்று சொன்னேன். எழுத்தில் கேட்டாள், எழுத்திலும் கொடுத்தேன். நரேன் தகப்பனிடம் தனியாகக் கதைத்தான் போலிருக்கிறது. அவர் மறுப்புச் சொல்லவில்லை.

அந்த வீடு உனக்குத்தான் தம்பி. யன்னல் உள்ள அறையைத் தேஜுவுக்கே கொடு. மற்றவர்கள் போனதும் வீட்டை முழுதாக எடுத்துக்கொள். வாடகையே வேண்டாம். என்ன சொல்கிறாய்? ஒரு வரி எழுது.

அக்கா

*

ரோவில்
23.11.2025

தம்பி கிருபா,

இரண்டு மாதமாக மறுமொழி இல்லை. போன் எடுத்தால் மணி அடித்து நிற்கிறது. ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து தபால் பெட்டியைப் பார்க்கிறேன். பீட்ஸா கடை விளம்பரம்தான் கிடக்கிறது.

மேனுகாவும் தேஜுவும் வந்துவிட்டார்கள் என்று முகநூலில் இந்திரகுமார் போட்ட படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மெல்பேர்ண் விமான நிலையம். என் வீட்டில் இருந்து ஒரு மணித்தியாலம் இராது. நீ எனக்குச் சொல்லவில்லை. நான் மாலையோடு வந்து நின்றிருப்பேனே. தூரத்தில் நின்றாவது பார்த்திருப்பேனே.

இந்திரகுமாருக்குப் போன் எடுத்தேன். அந்தப் பிள்ளை மறைக்கத் தெரியாமல் தடுமாறி, நீ அந்த வீட்டை விட்டு எப்போதோ எழும்பிவிட்டாய் என்று சொன்னான். எங்கே என்று கேட்டேன். "அக்கா, அவன்தான் சொல்ல வேணும்" என்றான்.

உனக்காக நான் இந்த வீட்டில் வாய் திறந்தேன் என்று சொல்லிக் காட்டவில்லை. ஆனால் வாய் திறந்த பிறகும் நீ போய்விட்டாய் என்றால் நான் வேறு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் கோபம் வரும் கிருபா. எப்போதும் நான்தான் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று கேட்க வேண்டுமா?

இதற்கும் மறுமொழி வராவிட்டால் இனி எழுத மாட்டேன்.

அருந்ததி

*

பெல்கூரா
07.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். நேற்று மேனுகா, "நாளைக்கும் எழுதாட்டி நான் எழுதுறன்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கையெழுத்து வைக்காமல் விட்டதை வாசித்த அன்று நான் வேலைத்தலத்துக் கழுவும் அறைக்குள் போய் நின்று முகம் கழுவிக்கொண்டே இருந்தேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் அந்த வீட்டுக்குள் மட்டும் போக முடியவில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் இது அத்தானின் கதவு என்று தோன்றியது. வாடகை வேண்டாம் என்றீர்கள். அதை வாசித்த பிறகு இன்னும் போக முடியவில்லை. வாடகை கொடுத்தால் என் அக்காவுக்கு நான் வாடகைக்காரன். கொடுக்காவிட்டால் அத்தானுக்கு நான் கடன்காரன். இரண்டும் எனக்கு ஏலாது.

ஹெதரிடம் போய்க் கேட்டேன். கூரை ஒழுகும் என்று சொன்னேனே என்றா. நான் தகரம் போடுகிறேன், நீங்கள் தகரத்துக்குக் காசு கொடுங்கள் என்றேன். அப்படியே செய்தோம். இந்திரகுமாரும் பெடியளும் ஞாயிறுகளில் வந்து கூரையில் ஏறினார்கள். நீளமான ஒரு கட்டடம், வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், ஒரு பெரிய குசினி. மழைத் தண்ணீர்த் தாங்கி. வேலைக்கு அரை மணித்தியாலம் ஓட வேண்டும். பள்ளிக்கூட பஸ் பண்ணை வாசலில் நின்று ஏற்றும். சொர்க்கம் என்று எழுதமாட்டேன். எழுதிப் பட்டது போதும். வெயில் நேரம் உள்ளே இருக்க முடியாது, ஈ மொய்க்கும், போன் பிடிக்காது. நீங்கள் எடுக்கும்போது மணி அடித்தது நான் வேலையில் நின்ற நேரங்களில். அப்போது எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை.

விமான நிலையத்துக்கு உங்களைக் கூப்பிடாதது பிழை. மேனுகாவும் அதைத்தான் முதலில் கேட்டாள், "மச்சாள் எங்க?" என்று. தேஜு கிட்ட வந்து நின்று, "நீங்கள் சுகமாய் இருக்கிறீங்களா அப்பா?" என்று ஆரோ மாஸ்டரைக் கேட்பது போலக் கேட்டாள். கட்டிப்பிடிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. சூட்கேசைத் தூக்கினேன். இன்னும் அப்படித்தான் நடக்கிறது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம். நேற்று என்னோடு சண்டை பிடித்தாள், தான் கரப்பான் பூச்சிக்குப் பயந்ததற்கு நான் சிரித்தேன் என்று. எனக்குப் பெரிய சந்தோசம்.

வந்த அன்று மேனுகா குசினியில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஆற்ற வீடு?" என்று கேட்டாள். நான் இல்லாத காலமெல்லாம் அவள் தமையன் வீடு, சித்தி வீடு, பிறகும் தமையன் வீடு என்று இருந்தவள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு சொல் கேட்டவள்.

"வெள்ளைக்காரி ஒருத்தியின்ர. எங்களுக்குச் சொந்தமில்லை. வாடகை குடுக்கிறம்" என்றேன்.

"அப்ப ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்றாள். பிறகு பானையை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

உங்கள் கையெழுத்துக் கதையை அவளுக்குச் சொன்னேன். "மச்சாள் தனிய நிண்டோ செய்தவ?" என்று இரண்டு தரம் கேட்டாள். ஓம் என்றேன். அதற்குப் பிறகுதான் எழுது எழுது என்று நிற்கிறாள்.

அந்த வீட்டில் இந்திரகுமாரும் மற்றவர்களும் இருக்கட்டும். என் இடத்துக்குக் கரவன் பார்க்கில் இருக்கிற அந்தத் தாதியும் குழந்தையும் வந்தால் நல்லது என்று அவர்களோடு கதைத்து வைத்திருக்கிறேன். பின்னறையைத் தனியாகப் பிரிக்கலாம். மோனிகாவிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரி என்றபடியால் இன்னும் ஒன்று: குளியலறைக் காற்றுப் போக்கியைத் திருத்திக் கொடுங்கள். நான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை மத்தியானம் இங்கே சாப்பாடு. வாருங்கள். நரேனைக் காரோட்டச் சொல்லுங்கள். அத்தானும் வந்தால் கதிரை போடுவேன், சோறு போடுவேன். வீட்டு விலை மட்டும் கதைக்கக்கூடாது. வராவிட்டால் அவர் இஷ்டம், நான் இன்னும் அவ்வளவு நல்லவனாகவில்லை.

ஊரைத் தாண்டி வடக்கே வந்தால் தானியக் களஞ்சியம் ஒன்று வரும், அதில் இடப்பக்கம் மண் வீதி. முடிவில் ஒரு இரும்புக் கேற். பூட்டில்லை, சங்கிலிதான். திறந்து காரை உள்ளே எடுத்ததும் இறங்கித் திரும்பவும் கொழுவிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஆடுகள் வீதிக்கு இறங்கிவிடும். நாய் குலைக்கும், கடிக்காது. தேஜு வாசலில் நிற்பாள்.

உங்கள் தம்பி,
கிருபா